எந்த மாதம் வந்து இறங்கினீர்கள்?

ரொறன்ரோ இருக்கக்கூடிய ஊரா இல்லையா என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் இங்கே எந்த மாதம் வந்து இறங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் காரணம் அதிலேயே இருக்கும்.

ஜூலையில் கலியாணவீட்டுக்கென்று லண்டன், பாரிஸ், சுவிஸ் பக்கமிருந்து வருகிற சொந்தக்காரருக்கு இந்த நகரம் பிடித்துப்போய்விடும். இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம். பின்வளவில் இறைச்சி வாட்டலாம், மிளகாயும் தக்காளியும் காய்த்துக் கிடக்கும், பின்னேரத்தில் ஏரிக்கரைப் பக்கம் போகலாம். கொஞ்சம் தங்கி, ஓகஸ்டில் மார்க்கம் வீதியை மறித்து நடக்கும் தமிழர் தெருவிழாவையும் பார்த்துவிட்டால் சொல்லவே வேண்டாம். “நீங்கள் குடுத்துவைச்சனீங்கள்” என்றுதான் திரும்ப விமானம் ஏறுவார்கள்.

ஜனவரியில் படிக்க வருகிற பிள்ளைகளின் கதை வேறு. இங்கே கல்லூரிகள் பலவற்றில் ஜனவரியிலும் புது மாணவரை எடுக்கிறார்கள். திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ முப்பது பாகை வெயிலில் விமானம் ஏறிய பிள்ளை, மெல்லிய ஜக்கற்றோடு பியர்சன் விமான நிலையத்துக்கு வெளியே வந்து முதல் மூச்சை இழுக்கும்போதே மூக்குக்குள் ஏதோ விறைக்கிறது. அடுத்த நான்கு மாதம் அது பார்ப்பதெல்லாம் சாம்பல் நிற வானம், உப்புக் கறை படிந்த தரை, பஸ்ஸுக்கு நிற்கிற இருட்டு. அந்தப் பிள்ளைக்கும் ஜூலைச் சொந்தக்காரருக்கும் இந்த நகரைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் இருவரும் ஒரே ஊரைச் சொல்கிறார்கள் என்று நம்பவே முடியாது. பிறகு எத்தனை கோடைகள் வந்தாலும், முதல் பார்த்த அந்த ஊர் மனதை விட்டுப் போக நாளாகும்.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் நெடுநாளாக இருக்கிறவன். இந்த ஊரைப் பற்றி எங்கள் ஆக்கள் சொல்கிற கருத்துகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு எண்ணம் உறுதியாகிவிட்டது. குளிரைத் திட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் பெரும்பாலும் திட்டுவது வேறொன்றை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் குளிரையே எடுத்துக்கொள்வோம். கனடா என்றால் மற்ற நாட்டுக்காரர் நினைக்கிற அளவுக்கு ரொறன்ரோ குளிரானதல்ல. வரைபடத்தைப் பார்த்தால் பாரிஸைவிடவும் லண்டனைவிடவும் தெற்கே இருக்கிறது. ஜனவரியில் சராசரியாகப் பகலில் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, இரவில் மைனஸ் 7, 8 பாகை அளவில் நிற்கும். வினிபெக்கில் ஜனவரி இரவு மைனஸ் 20 என்பது சாதாரணம். மொன்றியலில் ஒரு பருவத்தில் 200 சென்ரிமீற்றருக்கு மேல் ஸ்நோ விழும். இங்கே அதில் பாதி அளவுதான். ஒன்ராறியோ ஏரி வழக்கமாக முழுதாக உறைவதில்லை. அந்தத் தண்ணீர் கோடையில் வாங்கிவைத்த சூட்டைக் குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நகரத்தைக் காக்கிறது. கூடவே முகிலையும் தருகிறது. டிசம்பரில் மாலை 4.40க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். வேலை முடிந்து வெளியே வருகிறவர் பகலைக் காண்பதே இல்லை. என்னைக் கேட்டால் குளிரைவிட இந்த இருட்டுத்தான் மனதைக் கூடுதலாக அழுத்துகிறது.

எங்கள் ஊரின் உண்மையான தொல்லை, அது பூச்சியத்தைச் சுற்றியே நிற்பது. வினிபெக்கில் விழுகிற ஸ்நோ காய்ந்த மாவாகக் காலுக்குக் கீழே நொறுங்கும். இங்கே பகலில் உருகும், பின்னேரம் சேறாகும், இரவில் கண்ணாடியாகும். காலையில் அந்தக் கண்ணாடிக்கு மேல் மெல்லிய புது ஸ்நோ விழுந்து மூடிவிட்டால் எங்கே கால் வைப்பது என்று தெரியாது. மழையாக விழுந்து தரையைத் தொட்டவுடன் உறைகிற மழையும் உண்டு. 2023-24 குளிர்காலம்தான் கனடாவில் பதிவானவற்றுள் மிகச் சூடானது. அந்த வருடமும் நடைபாதை வழுக்கத்தான் செய்தது. சூடு கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, ஸ்நோ எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே விழுகிறது, பிறகு ஏன் ஒருவர் “பழகிவிட்டது, பிரச்சினை இல்லை” என்கிறார், இன்னொருவர் “இந்த நரகத்தில் இனி இருக்கேலாது” என்கிறார்?

எனக்குத் தெரிந்த ஒருவர் ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரத்தில் வீடு வைத்திருக்கிறார். வீட்டோடு ஒட்டிய கராஜ். காலையில் வீட்டுக்குள்ளிருந்தே காருக்குள் ஏறுவார், ஆசனச் சூட்டைப் போடுவார், வேலை செய்யும் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் இறங்குவார். ஜனவரி முழுக்க அவர் வெளியே நடக்கிற தூரம், குப்பைத் தொட்டியை வீதிக்குத் தள்ளிக்கொண்டு போகிற தூரம்தான். நகர மையத்து வங்கிக் கோபுரங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் வசதி. யூனியன் நிலையத்தில் இறங்கினால் 30 கிலோமீற்றருக்கு மேல் நீளும் நிலக்கீழ் நடைவழிகள் இருக்கின்றன. சாப்பாட்டுக் கடை, தலைமயிர் வெட்டுமிடம், மருந்துக்கடை, பல் வைத்தியர் எல்லாம் அதற்குள்ளேயே. மேலே மைனஸ் 20 என்றாலும் கீழே சட்டையோடு நடக்கலாம். இவர்கள் “விண்டரும் ஒரு வடிவுதானே” என்று சொல்லும்போது பொய் சொல்லவில்லை. அவர்கள் குளிரைக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கிறார்கள்.

அதே காலை, அதே ஸ்நோ. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையிலிருந்து விடிய ஐந்து மணிக்குக் களஞ்சிய வேலைக்குப் புறப்படுகிற பிள்ளை. வீட்டிலிருந்து பெரிய வீதிக்குப் பத்து நிமிட நடை. எங்கள் பக்கத்துப் பெரிய வீதிகள் ஆறு தடம் அகலம். 1950களிலும் 60களிலும் கார்களுக்காகவே போட்டவை. காற்றை மறிக்க ஒன்றும் இல்லை. வீதியைத் துப்புரவாக்குகிற வண்டி ஸ்நோவை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். அந்த ஓரத்தில்தான் பஸ் தரிப்பும் இருக்கிறது. முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு. அதற்கு மேல் ஏறி நின்றால்தான் பஸ் ஓட்டுநருக்கு ஆளைத் தெரியும், அதிலிருந்து சறுக்காமல் இறங்கினால்தான் பஸ்ஸில் கால் வைக்கலாம். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் அரைமணி நேரத்துக்குள்ளேயே விறைத்துப் புண்ணாகத் தொடங்கும் என்று வானிலைத் துறையே எச்சரிக்கிறது. பஸ் அரைமணி பிந்தினால் என்ன என்று யோசியுங்கள். இரண்டாவது பஸ்ஸுக்கு மாற வேண்டியவர்களுக்கு இதெல்லாம் இரட்டிப்பு.

இந்த இருவருக்கும் நடுவில் இருக்கிற வேறுபாடு வெப்பமானியில் இல்லை. வீட்டுக் கதவிலிருந்து வாகனக் கதவு வரை உள்ள தூரத்தில் இருக்கிறது. ஊரைப் பற்றிய கருத்தாக எங்கள் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் அந்தத் தூரத்தைப் பற்றிய கருத்துத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்காபரோ, வட யோர்க் போன்ற புறநகர்ப் பகுதிகளில் பல வீடுகளுக்கு, பெரிய வண்டி போன பிறகு டிரைவேயின் வாயில் சேருகிற ஸ்நோ வரம்பை அகற்ற மாநகரம் தனி இயந்திரம் அனுப்புகிறது. நல்ல சேவைதான், முதியவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் கார் வெளியே வருவதற்கு இருக்கிற அந்த அக்கறை, பஸ் தரிப்பில் நிற்கிற ஆளுக்கும் அதே நாளில் கிடைக்க வேண்டாமா? நகர மையத்துக் கதை இன்னும் வியப்பானது. 1998இல் ஆறு மாநகரங்களைச் சேர்த்து ஒரே ரொறன்ரோ ஆக்கினார்கள். புறநகரில் நடைபாதைகளை மாநகர இயந்திரங்கள் துப்புரவாக்கின. பழைய ரொறன்ரோவின் பல தெருக்களிலோ, வீட்டுக்காரரே தன் வீட்டு முன்னால் அள்ள வேண்டும் என்ற பழைய வழக்கம் தொடர்ந்தது. அங்கேயும் இயந்திரம் வந்தது 2021-22 குளிர்காலத்தில்தான். இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தெருக்களில் ஒரு வீட்டு வாசல் காய்ந்திருக்கும், அடுத்த வாசல் பனிக்கட்டி. சக்கர நாற்காலியில் போகிறவருக்கு ஒரு வாசல் அடைபட்டாலே முழுத் தெருவும் அடைபட்டதுதான்.

1999 ஜனவரியை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு கிழமைக்குள் ஒரு மீற்றருக்கு மேல் ஸ்நோ கொட்டியது. அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். நாட்டின் மற்றப் பகுதிகள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கின்றன. ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. சுரங்க ரயிலும் பஸ்ஸும் நின்றால் மருத்துவமனைத் தாதி வேலைக்குப் போக முடியாது, டயலிசிஸ் செய்கிறவர் போக முடியாது. உதவி கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022 ஜனவரி 17 அன்று ஒரே நாளில் நகரம் மூடுண்டது. இரண்டு பெரிய விரைவுச்சாலைகளை மூடினார்கள், நூற்றுக்கணக்கான பஸ்கள் அங்கங்கே புதைந்து நின்றன. 2025 பெப்ரவரி நடுவில் சில நாட்களுக்குள் 50 சென்ரிமீற்றருக்கு மேல் விழுந்தது. வீதிகள் திறந்து நாட்பட்ட பிறகும் நடைபாதைகளில் மலைகள் கிடந்தன.

ஸ்காபரோக்காரருக்கு இதில் தனிக் கவலை ஒன்றும் உண்டு. 1985இல் தொடங்கிய எங்கள் ஆர்.ரி. ரயில், அதாவது ஸ்காபரோவுக்குள் ஓடிய சிறிய நகர ரயில், கடும் ஸ்நோ விழுந்தால் அடிக்கடி நின்றுவிடும். 2023 ஜூலையில் அது தடம் புரண்டது. அதன் பிறகு ஓடவேயில்லை. நீட்டிக்கப்படுகிற சுரங்கப் பாதை முடியும்வரை பஸ்தான். கோடையில் இது ஒரு அலுப்பு, அவ்வளவுதான். குளிர்காலத்தில் இதுவே “ஏன் இந்த ஊரில் இருக்கிறேன்” என்ற கேள்வியாகிவிடுகிறது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸ், விற்பி பக்கம் வீடு மாறிப்போன பல குடும்பங்களைத் தெரியும். வீட்டு விலை என்றுதான் எல்லாரும் காரணம் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கதைக்கவிட்டால் கராஜும் வந்துவிடும்.

வீட்டுக்கு உள்ளே இருக்கிற குளிரும் ஒன்று உண்டு. அதைப் பற்றி எங்களவர் வெளியே அதிகம் கதைப்பதில்லை. வாடகைக்கு விடுகிறவர் குளிர்காலத்தில் 21 பாகையாவது சூடு கொடுக்க வேண்டும் என்பது ரொறன்ரோவின் சட்டம். ஆனால் பேஸ்மென்றில் இருக்கிறவருக்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான் மேல்மாடிச் சுவரில் இருக்கும். சூடு மேலே போகிற சாமான். மேலே இருக்கிறவர்களுக்கு 21 ஆனதும் உலை நின்றுவிடும், கீழே சீமெந்துத் தரையில் குளிர் அப்படியே இருக்கும். கேட்டால் “இரண்டு காலுறை போடுங்கோ” என்பார்கள். சட்டம் தெரிந்தாலும் முறையிடப் பயம். அந்த அறையும் போய்விட்டால் ஜனவரியில் எங்கே போவது? நானும் அப்படி ஒரு அறையில் இருந்திருக்கிறேன். இந்த ஊரை வெறுக்கத் தொடங்குவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அறையே இல்லாதவர்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மைனஸ் 5 ஆனால் மாநகரம் சூடேற்றும் நிலையங்களைத் திறக்கிறது. அந்த நிலையங்களுக்குள்ளும் இடம் போதாமல் போகிற இரவுகள் உண்டு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பெப்ரவரியில் எனக்கு இந்த ஊரை உண்மையாகவே பிடிக்கும் என்றால் நம்புவீர்களா? காரின் சில்லு ஸ்நோவில் சுழன்று நின்றால், கேட்காமலேயே நாலு பேர் வந்து தள்ளுவார்கள். யாரென்று பார்க்க மாட்டார்கள், நன்றியைக் கேட்கவும் நிற்க மாட்டார்கள். 2013 டிசம்பரில் உறைமழைப் புயல் வந்து மரக்கிளைகள் மின்கம்பிகளில் விழுந்தன. மூன்று லட்சம் அளவிலான இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, சில இடங்களில் கிறிஸ்மஸ் தாண்டியும் வரவில்லை. வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டாதீர்கள் என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எங்கள் மாடிக்கட்டடத்தில் லிப்ற் ஓடவில்லை. இளம் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அதுவரை லிப்ற்றுக்குள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்ட குயானாக் குடும்பத்தின் பெயரும், பிலிப்பினோ அம்மாவின் பெயரும் எனக்கு அந்தக் கிழமையில்தான் தெரிந்தது. வெளிநாட்டில் பக்கத்து வீட்டுக்காரனைத் தெரியாது என்று ஊரில் சொல்வார்களே, அது கோடைகாலத்துக்குப் பொருந்தும்.

எங்கள் பொங்கலும் இந்தக் குளிருக்குள்தான் வருகிறது. தைப்பொங்கல் ஜனவரியில் வருவதால்தான் ஒன்ராறியோ மாகாணம் 2014இலும், கனேடிய நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. சூரியனுக்கு நன்றி சொல்கிற நாளில் சூரியனைக் காணவே முடியாத வருடங்கள் உண்டு. கராஜ் கதவைத் திறந்துவிட்டு, ஜக்கற்றுக்கு மேல் சால்வை போட்டுக்கொண்டு பானை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் பொங்கி வழியும்போது எழும்புகிற ஆவி யாழ்ப்பாணத்தில் கண்ணுக்கே தெரியாது. இங்கே வாசலை மறைத்துவிடும், பிள்ளைகள் அதற்குள் ஓடி விளையாடுவார்கள். 2009 ஜனவரி 30 அன்று வன்னியில் நடந்த கொடுமையை நிறுத்தச் சொல்லி நகர மையத்தில் மனிதச் சங்கிலி கட்டியபோதும் குளிர்காலம்தான். பல்லாயிரம் பேர் கைகோத்து நின்றோம். குழந்தை வண்டிகளோடு வந்தவர்கள், தடியூன்றி வந்த கிழவர்கள். ரொறன்ரோ எங்கள் ஊர்தான் என்ற எண்ணம் எனக்கு வந்தது ஒரு ஜூலைப் பின்னேரத்தில் அல்ல, அந்த நாளில்.

ஆகவே குளிர் ஊரைக் கெடுத்துவிடுகிறது என்பதை நான் ஏற்கவில்லை. மொன்றியலைப் பாருங்கள். எங்களைவிட இரண்டு மடங்கு ஸ்நோ. அங்கே அதை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போவதோடு விடுவதில்லை. பெரிய புயல் என்றால் கார்களை எடுக்கச் சொல்லி இரவில் சைரன் ஊதிக்கொண்டு வருவார்கள், ஊதுகிற இயந்திரம் ஸ்நோவை லொறிக்குள் நிரப்பும், லொறி அதைத் தெருவிலிருந்தே கொண்டுபோய்விடும். செலவு பெரிதுதான், ஆனால் சனம் ஜனவரியிலும் நடக்கிறது. சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்ற சிறிய நகரம் வரிசையையே மாற்றிப் பார்த்தது. முன்பு பெரிய வீதிகளை முதலில் துப்புரவாக்கினார்கள். பிறகு நடைபாதைகள், சைக்கிள் பாதைகள், பிள்ளைகள் பராமரிப்பு நிலையங்களுக்குப் போகிற வழிகளை முதலில் என்று வைத்தார்கள். கார் கொஞ்சம் ஸ்நோவுக்குள்ளாலும் போகும், குழந்தை வண்டி போகாது என்பதுதான் காரணம். பெண்களே கூடுதலாக நடக்கிறார்கள், வழுக்கி விழுந்து காயப்படுகிறவர்களிலும் அவர்களே கூடுதல் என்பதைச் சுவீடனில் கவனித்தார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்து பேரப்பிள்ளைகளோடு இருக்கிறவர். கோடையில் அவரைப் பிடிக்க முடியாது. காலையில் தமிழ்க்கடைக்கு நடந்து போய் முருங்கைக்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவார், பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் எடுப்பார், வெள்ளிக்கிழமை தனியாகவே பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவார். ஊரில் உள்ள தன் தங்கச்சியோடு கதைக்கும்போது “நல்ல இடமடி, சனங்களும் நல்ல மரியாதை” என்பார். நவம்பர் பிறந்தால் அதே அம்மா யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். “இது சிறைதானே தம்பி, சாப்பாடு நல்லாத் தாற சிறை” என்பார் என்னிடம். பக்கத்துத் தெரு அன்ரி ஒருவர் பஸ் தரிப்பு வரம்பில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்து கிடந்ததிலிருந்து பயம் இன்னும் கூடிவிட்டது. பேரப்பிள்ளைகள் இருவரும் அதே யன்னலால் எட்டிப் பார்த்து, பாடசாலை பஸ் இன்றைக்கு ஓடாது என்று தெரிந்ததும் துள்ளுவார்கள். சறுக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கன்னம் சிவந்துதான் திரும்புவார்கள். ஒரே யன்னலில் இரண்டு கருத்து.

அம்மாவை நான் காரில் கூட்டிக்கொண்டு போகலாம், போகிறேன். அவருக்கு அது போதாது. அவர் கேட்பது கூட்டிக்கொண்டு போக ஒரு ஆளை அல்ல. தான் நினைத்த நேரத்தில் தானே போய்வர ஒரு வழியை. வீட்டு வாசலை நானும் மகனும் அள்ளி உப்புப் போட்டுவிடுவோம். மூலையிலிருந்து பஸ் தரிப்பு வரைக்கும் உள்ள துண்டுக்குத்தான் மாநகரத்தின் 311 தொலைபேசிச் சேவைக்கு அழைத்து முறைப்பாடு எழுதிவைக்கிறோம். போன பெப்ரவரியில் பொறுக்க முடியாமல் அந்தத் துண்டையும் நாங்களே போய் வெட்டினோம். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் தன் மண்வெட்டியோடு வந்து சேர்ந்துகொண்டார். அடுத்த நாள் அம்மா கோயிலுக்குப் போய்வந்தார்.

இந்த வருடம் நவம்பருக்கு முதல் ஊருக்குத் திரும்புவதா, குளிர்காலத்துக்கும் நிற்பதா என்று அம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை. ஊரில் வெயிலும் வேப்பமரமும் இருக்கிறது, இங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். குளிரைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பயணச் சீட்டைப் பற்றிக் கதைத்தபோது கேட்டது ஒன்றுதான்: “அந்த பஸ் தரிப்புப் பக்கத்தை இந்த முறையாவது ஒழுங்கா வெட்டுவாங்களோ?”